தீயைத் தடுத்து நிறுத்தும் சுவர்கள்

நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்களை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர் உளர். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட அவ்வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒற்றைப் பலகையே தடுப்பு. அதுவும் பல லயங்களில் கூரையைத் தொடுவதில்லை. ஆகையால் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். பேச்சுக்கு வழிவிட்ட அந்த இடைவெளி நெருப்புக்கும் வழிவிட்டது. ஓர் அடுப்பங்கரையில் பற்றிய தீ கூரைக்கு அடியிலேயே ஓடி, வரிசையிலுள்ள மற்ற வீடுகளையும் பற்றிக்கொள்ள நெடுநேரம் ஆகாது.

தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் பெரும்பாலானவை இன்று கிள்ளான், பூச்சோங், ஷா ஆலாம், கோலாலம்பூர் ஆகிய இடங்களில் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாழ்ந்து வருகின்றன. பலகை போய்ச் செங்கல் வந்துவிட்டது. ஆதலின் இனித் தீயைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மையே. ஒரு சுவர் தீயைத் தடுப்பது அது எப்பொருளால் கட்டப்பட்டது என்பதை மட்டும் பொறுத்ததன்று. எவ்வளவு கனமுடையது, எதுவரை எழுப்பப்பட்டுள்ளது, அதில் எத்தனை துளைகள் உள்ளன என்பவற்றையும் பொறுத்தது. இவற்றை வீட்டுரிமையாளரும் வாடகைக்குக் குடியிருப்போரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

கோலாலம்பூர் கற்ற பாடம்

சிலாங்கூர் மாநிலத்தின் நிர்வாகத் தலைநகரம் 1880ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அந்நாளில் கோலாலம்பூர் என்பது மரத்தாலும் மூங்கிலாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன வீடுகள் நெருங்கி நின்ற ஒரு சிற்றூரே. தெருக்கள் குறுகலானவை, வீடுகளுக்கிடையே இடைவெளி மிகச் சிறிது. 1881ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4ஆம் நாள் எழுந்த பெருந்தீ அவ்வூரைச் சாம்பலாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த பெருவெள்ளம், மீண்டும் எழும்பிய வீடுகளையும் சிதைத்தது.

1882ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரத்துக் கட்டடங்கள் இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். தெருக்களும் அகலமாக்கப்பட்டன. ஆனால் ஒரு நகரம் முழுவதையும் செங்கல்லால் கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமன்றோ? சீனர் தலைவராகிய காப்பிட்டான் யாப் ஆ லோய் நகரின் தெற்கே களிமண் நிலத்தில் செங்கற் சூளைகளை ஏற்படுத்தினார். சூளைகள் நிறைந்த அப்பகுதியே பிரிக்பீல்ட்ஸ், அதாவது ‘செங்கல் வயல்கள்’ என்னும் பெயர் பெற்றது. பின்னாளில் இரயில்வேயின் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அங்கே எழுந்தன. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த இரயில்வே ஊழியர் பலர் அங்கே குடியேறினர். இன்று நாம் பூமாலை வாங்கவும் பண்டிகைத் துணி எடுக்கவும் செல்லும் அந்த இடத்தின் பெயரிலேயே ஒரு தீவிபத்தின் படிப்பினை பொதிந்திருக்கிறது.

இவ்வனுபவம் கோலாலம்பூருக்கு மட்டும் உரியதன்று. 1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரம் எரிந்தபின், 1667ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மறுநிர்மாணச் சட்டம் வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும் எனவும், அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையே உள்ள சுவர் இன்ன கனம் உடையதாயிருக்க வேண்டும் எனவும் விதித்தது. இன்றைய கட்டட விதிகளின் வேர் அங்கே இருக்கிறது.

சுவருக்கு மணிக்கணக்கு ஏன்?

தீத்தடுப்புச் சுவர்களைப் பற்றிப் பேசும்போது பொறியாளர்கள் “ஒரு மணி நேரச் சுவர்”, “இரண்டு மணி நேரச் சுவர்” என்று குறிப்பிடுவது வழக்கம். எந்தச் சுவரும் நெருப்பை என்றென்றும் தடுத்துவிட முடியாது. அது நமக்குச் சிறிது நேரத்தைப் பெற்றுத் தருகிறது. உறங்குவோர் எழுந்து வெளியேறவும், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லவும், தீயணைப்புப் படையினர் வந்து சேரவும் அந்த நேரம் பயன்படுகிறது. அந்த நேரத்தின் அளவே சுவரின் தீ எதிர்ப்பு நேரம் எனப்படும்.

இதனை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டி, அதன் ஒரு பக்கத்தைப் பெரிய உலையின் வாயில் பொருத்துவர். உலையின் வெப்பம் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஓர் அளவின்படி ஏற்றப்படும். ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய 575 பாகை செல்சியஸ். அரை மணியில் 840 பாகை. ஒரு மணியில் 945 பாகை. இரண்டு மணியில் 1,050 பாகை. நான்கு மணியில் 1,150 பாகை. சுவர் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்.

முதலாவது, சுவர் இடிந்து விழலாகாது. இரண்டாவது, அதில் பிளவு ஏற்பட்டுத் தீச்சுவாலையோ சூடான புகையோ மறுபக்கம் வரலாகாது. மூன்றாவது, நெருப்புப் படாத மறுபக்கத்தின் வெப்பம் சராசரியாக 140 பாகைக்கு மேலும், எந்த ஓர் இடத்திலும் 180 பாகைக்கு மேலும் உயரலாகாது. அவ்வாறு உயர்ந்தால், சுவாலை எட்டாமலே அங்குச் சாய்த்து வைத்த மெத்தையோ துணியோ தானே பற்றிக்கொள்ளக்கூடும். இவற்றுள் எதில் தவறினும் அந்நிமிடத்தோடு சுவரின் கணக்கு முடிந்தது.

எரியாமை வேறு, தடுத்தல் வேறு

மூன்றாவது சோதனையை மனத்திற்கொண்டால் ஓர் உண்மை விளங்கும். தகரம் எரியாது. ஆயினும் தகரச் சுவர் சில நிமிடங்களிலேயே பழுக்கக் காய்ந்து, வெப்பத்தை அப்படியே மறுபக்கம் கடத்திவிடும். ஆகவே எரியாத பொருள்கள் அனைத்தும் தீயைத் தடுக்கும் பொருள்கள் ஆகிவிடமாட்டா.

செங்கல்லின் சிறப்பு என்னவெனில், அது ஏற்கெனவே சூளையில் ஏறக்குறைய ஆயிரம் பாகை வெப்பத்தில் வெந்து வந்த பொருள். வீட்டில் எழும் தீ அதற்குப் புதிதன்று. நிறைகல்லால் முறையாகக் கட்டப்பட்ட 100 மில்லிமீட்டர் கனமுள்ள செங்கற் சுவர் பொதுவாக இரண்டு மணி நேரமும், 200 மில்லிமீட்டர் சுவர் நான்கு மணி நேரமும் தாங்கும் என்று கணக்கிடப்படுகிறது. ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து நிரம்பியிருக்க வேண்டும். சாந்து விடுபட்ட இணைப்பு, புகைக்குத் திறந்த வாயிலே. உட்துளைகள் கொண்ட கற்களாயின் அவற்றின் முழுக் கனத்தையும் கணக்கில் கொள்ளலாகாது.

திண்காறையும் தீயை நன்கு எதிர்ப்பதே. ஆயினும் அதனுள் இருக்கும் இரும்புக் கம்பி 550 பாகையளவில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். கம்பியின்மேல் போதிய அளவு திண்காறை மூடியிருக்க வேண்டும் என்று விதி கூறுவதன் காரணம் இதுவே. ஒழுக்கினால் காறை பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் சுவரைப் பழுது பார்க்காமல் விடுவது தீ ஆபத்தையும் மிகுவிக்கும்.

அலுவலகங்களிலும் புதிய வீடுகளிலும் காணப்படும் ஜிப்சம் பலகைக்கு வேறொரு தன்மை உண்டு. அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வேதியல் முறையில் பிணைந்த நீர். நெருப்புப் படும்போது அந்நீர் ஆவியாகி வெப்பத்தை உண்டுவிடுகிறது. சட்டத்தின் இருபுறமும் 12.5 மில்லிமீட்டர்ப் பலகை ஒவ்வொன்று அறைந்தால் அரை மணி நேரமும், இரண்டிரண்டு அறைந்தால் ஒரு மணி நேரமும் பொதுவாகக் கிடைக்கும். பலகையின் இணைப்புகளும் ஆணியடித்த இடங்களும் சரியாகப் பூசப்பட்டிருந்தால்தான் இக்கணக்குப் பொருந்தும்.

மரத்தைப் பற்றிய ஒரு செய்தி வியப்பூட்டும். பருத்த மரத்தூண் நெருப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் அளவே கரியாகும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிறது. ஆனால் நம் வீடுகளில் அறை பிரிக்கப் பயன்படுத்தும் மெல்லிய ஒட்டுப்பலகைக்கு இப்பெருமை இல்லை. அது தடுப்பாகாமல் எரிபொருளாகிவிடும்.

சட்டம் கூறும் நான்கு சுவர்கள்

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்கீழ் 1984ஆம் ஆண்டில் ஒரே சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் வகுக்கப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் கட்டடங்களுக்கு அவையே வழிகாட்டி. அவற்றின் ஒன்பதாவது அட்டவணை, கட்டடத்தின் பயன், உயரம், பரப்பு ஆகியவற்றைப் பொறுத்து, அதன் உறுப்புகள் அரை மணி முதல் நான்கு மணி நேரம்வரை தீயை எதிர்க்க வேண்டும் என்று வரையறுக்கிறது. 1976ஆம் ஆண்டு ஜனவரியில் தீயணைப்புச் சேவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்ததும், அவ்வாண்டு ஏப்ரலில் கோலாலம்பூரின் கெம்பல் வணிக வளாகம் பற்றியெரிந்ததும் இவ்விதிகளுக்கு முன் நிகழ்ந்தவை. உயர்ந்த கட்டடத்தில் எழும் தீயை வெளியிலிருந்து மட்டும் அணைத்துவிட முடியாது என்பதைத் தலைநகர மக்கள் அன்று கண்ணாரக் கண்டனர்.

விதிகளில் வரும் சுவர்களை நான்கு வகையாகப் பிரித்து அறிந்துகொள்ளலாம்.

முதலாவது, இரு வீடுகளுக்குப் பொதுவான இடைச்சுவர். வரிசை வீடுகளில் வாழ்வோர்க்கு இதுவே முதன்மையானது. இச்சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டர் கனமுள்ள நிறைகட்டாகவோ வார்த்த திண்காறையாகவோ இருக்க வேண்டும் என்றும், இரும்பு வலுவூட்டிய திண்காறைச் சட்டகம் கொண்ட வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கலாம் என்றும் துணைச்சட்டம் கூறுகிறது. கூரையின் மேற்பரப்பைத் தாண்டி 225 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலம், அது மேலெழ வேண்டும் என்பது மற்றொரு விதி. பழைய கடைவீடுகளின் ஓட்டுக் கூரைகளுக்கு இடையே முதுகெலும்புபோல் எழும்பி நிற்கும் சுவர்களைக் கண்டிருப்பீர்கள். அவை அழகுக்காக எழுப்பப்பட்டவை அல்ல. கூரைவழியே தீ தாவாமல் தடுப்பதற்காக எழுப்பப்பட்டவை. லயத்தில் இல்லாதிருந்த பாதுகாப்பு இதுவே.

இரண்டாவது, பகுப்புச் சுவர். ஒரே கட்டடத்தைப் பல பெட்டிகளாகப் பிரித்து, ஒரு பெட்டியில் எழுந்த தீ அதற்குள்ளேயே அடங்கும்படி செய்வது இது. அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டையும் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிக்கும் சுவரும் தளமும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரே கட்டடத்தில் வெவ்வேறு பயனுக்குரிய பகுதிகள் இருந்தால் அவற்றையும் இவ்வாறே பிரிக்க வேண்டும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவைப் போன்ற கடைத்தெருக்களில் கீழே துணிக்கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த கட்டடங்களை எண்ணிப் பாருங்கள். பழைய கடைவீடுகளில் பக்கச் சுவர்கள் கனமான செங்கல்லாயினும் மாடித் தளமும் படிக்கட்டும் மரத்தாலானவை. பக்கவாட்டில் போக முடியாத தீ மேல்நோக்கி ஏறிவிடும். கீழே கடையடைத்த பின்னர் மேலே உறங்குவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, படிக்கட்டையும் மின்தூக்கிக் கூண்டையும் சூழ்ந்த காப்புச் சுவர். தீக்காலத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது, படிக்கட்டே உயிர்வழி. அவ்வழியில் புகையும் நெருப்பும் நுழையாதிருக்கவே இச்சுவரும் அதன் தீத்தடுப்புக் கதவும். அக்கதவு சுவருக்குரிய நேரத்தில் பாதியேனும், எவ்வகையிலும் அரை மணிக்குக் குறையாமலும் தாங்க வேண்டும். அது தானே மூடிக்கொள்ளும் அமைப்பும் உடையதாய் இருக்க வேண்டும்.

நான்காவது, புறச்சுவர். பக்கத்துக் கட்டடத்துக்கு வெப்பம் பாயாமலும், அங்கிருந்து இங்கே பாயாமலும் காப்பது இது. எல்லைக்கு நெருங்க நெருங்கச் சன்னல்களைக் குறைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. புறச்சுவரின்மேல் ஒட்டப்படும் அலங்காரத் தகடுகளும் கவனத்துக்கு உரியவை. 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்பெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டதற்கு, தீயை மேலே ஏற்றிச் சென்ற வெளித்தகடுகள் முக்கிய காரணமாயின. அடுத்த ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பெட்டாலிங் ஜெயாவில் ஊழியர் சேமநிதிக் கட்டடத்தின் வெளித்தகடுகளும் பற்றியெரிந்தன. நல்வேளையாக அங்கே உயிர்ச்சேதம் ஏற்படவில்லை.

ஒரு துளை போதும்

எத்துணை கனமான சுவரும் ஒரு துளையால் பயனற்றுப் போகலாம். குளிரூட்டிக் குழாய்க்காகவும் மின்கம்பிக்காகவும் தொலைத்தொடர்புக் கம்பிக்காகவும் சுவரில் துளையிடுகிறோம். கம்பி விரல் பருமன். துளையோ கைநுழையும் அகலம். வேலையாள் போனபின் அதனை யாரும் அடைப்பதில்லை. அடைத்தாலும் செய்தித்தாளையோ சாதாரண நுரையையோ திணிக்கின்றனர். இவையிரண்டும் எரியக்கூடியவை. செங்கற் சுவரில் சிறு துளைகளைச் சிமெண்டுச் சாந்தால் முழுக் கனத்துக்கும் அடைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகி ஒழிந்து, தானிருந்த இடத்தைத் துளையாக விட்டுச்செல்லும். அத்தகைய இடங்களில், சூடேறியதும் உப்பிப் பெருகித் துளையை மூடிக்கொள்ளும் வளையங்கள் பொருத்தப்படுகின்றன.

உட்கூரைக்கு மேலுள்ள இடம் இதனினும் கவலைக்குரியது. கீழிருந்து பார்க்கையில் சுவர் உட்கூரைவரை முழுமையாகத் தோன்றும். மேலே ஏறிப் பார்த்தால் அது பாதியில் நின்றிருக்கலாம். அல்லது மின்கம்பி இழுத்தவர்கள் நான்கு கற்களைப் பெயர்த்திருக்கலாம். அவ்வாறாயின் அந்த வரிசை வீடு செங்கல்லால் கட்டிய லயமே என்பதில் ஐயமில்லை. பழுது பார்க்கக் கூரை பிரிக்கும் நாளில் இதனைச் சோதித்துக்கொள்வது எளிது.

தீத்தடுப்புக் கதவும் ஒரு துளையே. மூடியிருக்கும்வரைதான் அது சுவரின் பகுதி. காற்று வரட்டும் என்று கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தால், பல ஆயிரம் வெள்ளி செலவிட்டுக் கட்டிய படிக்கட்டுச் சுவர் முழுவதும் வீணாகும். அடுக்குமாடிகளில் இக்காட்சி அரிதன்று.

சுவரே சிறையானபோது

சுவரைக் கூட்டினால் பாதுகாப்புக் கூடும் என்று கருதுவதும் தவறு. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி தீப்பற்றி, மாணவர்களும் பொறுப்பாளர்களுமாக 23 பேர் உயிரிழந்தனர். மூல வரைபடத்தில் அம்மாடியிலிருந்து இரண்டு வழிகளில் வெளியேற முடியும் என்றும், பின்னர் எழுப்பப்பட்ட ஒரு தடுப்புச் சுவரால் ஒரு வழி அடைபட்டது என்றும் அப்போது அதிகாரிகள் தெரிவித்தனர். சன்னல்களில் கம்பிவலை இருந்தது. இச்சம்பவம் நாட்டையே உலுக்கியது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. தீத்தடுப்புச் சுவரும் வெளியேறும் வழியும் சேர்ந்தே வரையப்படுகின்றன. ஒன்றை மாற்றினால் மற்றொன்று கெடும். கல்யாணமான மகனுக்கு ஓர் அறை வேண்டும், வாடகைக்கு விட இன்னோர் அறை வேண்டும் என்று நாமே தடுப்பு எழுப்பும்போது, உறங்குபவர் எவ்வழியே வெளியேறுவார் என்னும் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டைப் பெருக்கிக் கட்டுவது நம் மக்களிடையே பரவலான வழக்கம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, கட்டடத்தை மாற்றியமைக்க உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். இதனை வீண் அலைச்சல் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், இடைச்சுவரில் கைவைக்கும் வேலையா, எல்லையோரச் சமையலறையில் சன்னல் வைக்கலாமா என்பனவற்றைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு அது. அடுக்குமாடியாயின் கட்டட நிர்வாகத்தின் ஒப்புதலும் பெறவேண்டும்.

அண்டை வீட்டாரோடு பொதுவான சுவரைக் குடைந்து அலமாரி அமைக்கலாகாது. குத்தகைக்காரரிடம் பேசும்போது, “இடைச்சுவர் கூரைவரை போகிறதா? துளைகளை யார் அடைப்பது?” என்னும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். சன்னல் கம்பிகளில் ஒன்றேனும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாய் இருக்கட்டும். அதன் சாவி எங்கிருக்கிறது என்பதை வீட்டிலுள்ள குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். படிக்கட்டுக் கதவுகளை மூடி வையுங்கள். நடைபாதையில் பழைய மெத்தை, செருப்பு அலமாரி முதலியவற்றைக் குவிக்காதீர்கள். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்தி உறங்குவதும் நன்று. சாதாரணக் கதவுகூடச் சில நிமிடங்களுக்குப் புகையைத் தடுத்து வைக்கும். தீ கண்டால் முதலில் எல்லாரும் வெளியேற வேண்டும். 999 என்னும் எண்ணுக்கு அழைத்து, வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் சூளைகள் அணைந்து நெடுங்காலமாகிவிட்டது. அங்கே வெந்த கற்கள் அந்நாளைய கோலாலம்பூர் மக்களுக்கு அளித்த பாதுகாப்பு, இன்று நம் ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் உள்ளது. அச்சுவர் அடுத்த வீட்டாரிடமிருந்து நம்மைப் பிரிப்பதற்காக மட்டும் நிற்கவில்லை. நம் வீட்டுத் தீ அவர்களைச் சுடாதிருக்கவும் நிற்கிறது. அதனைக் குறையின்றிக் காப்பது நமக்கு மட்டுமன்றி அண்டை அயலாருக்கும் நாம் செய்யவேண்டிய கடமையாகும்.